சுவரைப் பார்த்து நிற்கும் படங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

என் ஓவியக்கூடத்துக்கு முதல் முறை வருபவர்கள் கொஞ்சம் ஏமாந்துதான் போவார்கள். கதவைத் திறந்ததும் நாலு சுவரிலும் படங்கள் தொங்கும் என்று நினைத்து வருகிறார்கள். உள்ளே இருப்பதோ முதுகைக் காட்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கும் கேன்வாஸ்கள். மரச்சட்டமும், ஆணியும், பென்சிலில் கிறுக்கிய தேதியும்தான் கண்ணில் படும். "எல்லாத்தையும் ஏன் திருப்பி வெச்சிருக்கீங்க?" என்பார்கள். தண்டனை கொடுத்து நிற்க வைத்த மாதிரி இருக்கிறதாம்.

தண்டனையெல்லாம் இல்லை. ஒரே படத்தோடு நாள் முழுக்கக் கிடந்தால் கண் பழகிவிடுகிறது. வரைந்த மூக்கு கோணலாக இருந்தாலும், மூக்கு என்றால் அப்படித்தான் என்று தோன்ற ஆரம்பிக்கும். மூன்று வாரம் சுவரைப் பார்க்க வைத்துவிட்டு ஒரு காலையில் சட்டென்று திருப்பினால், தப்புதான் முதலில் முன்னால் வந்து நிற்கும். அவ்வளவு பொறுமை இல்லாத நாளில் ஒரு கண்ணாடியைப் பிடித்து அதில் படத்தைப் பார்ப்பேன். இடம் வலமாக மாறியதும் அது வேறு யாரோ வரைந்த படம் ஆகிவிடும். அடுத்தவர் படத்தில் குறை கண்டுபிடிக்க நமக்குச் சொல்லியா தர வேண்டும்! லியொனார்டோ டா வின்சி தம் குறிப்புகளிலேயே இந்தக் கண்ணாடி யோசனையை எழுதி வைத்திருக்கிறார்.

கூடத்தில் வரைகிற நேரம் குறைவுதான். கேன்வாஸை இழுத்துக் கட்டுவது, அதற்கு அடிப்பூச்சு அடிப்பது, நேற்றுப் போட்டது பிடிக்காமல் சுரண்டி எடுப்பது, பிரஷ் கழுவுவது, அப்புறம் நாற்காலியில் உட்கார்ந்து வெறுமனே பார்த்துக்கொண்டிருப்பது. கந்தல் துணிக்குக்கூடத் தனிக் கவனம் வேண்டும். ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் காற்றோடு சேரச் சேர உள்ளுக்குள் சூடேறித் தானாகவே தீப்பிடித்துவிடும். நான் அதை விரித்துக் காயப்போட்டுவிட்டுத்தான் கதவைப் பூட்டுவேன். மற்ற விஷயங்களில் எனக்கு ஒழுங்கு போதாது. கூடத்தை ஒதுக்கி வை என்று வீட்டில் சொல்லும்போதெல்லாம் ஓவியர் பிரான்சிஸ் பேக்கனைத்தான் துணைக்கு அழைப்பேன். லண்டனில் அவருடைய கூடம் குப்பைமேடு மாதிரி இருந்தது. அவர் இறந்த பிறகு 1998-இல் அதிலிருந்த சுமார் 7,000 பொருள்களையும் தூசியோடு சேர்த்து எடுத்துக்கொண்டுபோய், டப்ளினில் ஒரு கலைக்கூடத்தில் அப்படியே மறுபடியும் அமைத்தார்கள். இந்தச் சமாதானம் இதுவரை வீட்டில் எடுபட்டதில்லை.

கண்காட்சியில் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதை வரைய எத்தனை நாள் ஆச்சு?" முன்பெல்லாம் எரிச்சல் வரும். இப்போது உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: கை நாலு நாள், காத்திருந்தது ஏழு மாதம். ஆயில் பெயின்ட் தண்ணீர் மாதிரி ஆவியாகிக் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கிக்கொண்டு மெல்ல இறுகுகிறது. மெல்லிய பூச்சுக்குச் சில நாள் போதும். தடிமனாக அப்பியிருந்தால் மாதக்கணக்கு. கீழ்ப்பூச்சில் எண்ணெய் குறைவாகவும் மேலே போகப் போகக் கூடுதலாகவும் இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னால் விரிசல் விடும். எல்லாம் முடிந்து வார்னிஷ் பூச, வழக்கமாக ஆறு மாதமாவது பொறுப்பார்கள். அவசரக்காரர்களுக்கு அக்ரிலிக் இருக்கிறது, அரை மணி நேரத்தில் கையில் ஒட்டாது. எனக்கு இந்தத் தாமதம்தான் பிடித்திருக்கிறது. காயும்வரை யாருக்கும் காட்ட வேண்டாம் என்று சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு.

அந்தச் சாக்கை ஒரு முறை மீறினேன். பாதி முடிந்த படம், வலப்பக்கம் முழுதும் வெறும் அடிப்பூச்சு. போனில் எடுத்துச் சமூக ஊடகத்தில் போட்டுவிட்டேன். பாராட்டு குவிந்தது. அதிலும் பெரும்பாலோர் புகழ்ந்தது அந்த வெற்றிடத்தைத்தான்: என்ன ஒரு மௌனம், என்ன ஒரு துணிச்சல்! மறுநாள் பிரஷை எடுத்தால் கை ஓடவில்லை. அங்கே ஒரு ஜன்னல் வரவேண்டும் என்று எனக்குத் தெரியும். ஆனால் ஜன்னல் போட்டால் மௌனம் போய்விடுமே. ஆறு மாதம் இழுத்தடித்து, கடைசியில் அதன்மேலேயே வேறு படம் வரைந்தேன். திட்டியிருந்தால் பிழைத்திருக்கும் அந்தப் படம்.

அதே போன் படத்தால் இன்னொரு சங்கடம். டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்ததில், நான் போட்ட நீலச் சாம்பல் பச்சையாக வந்துவிட்டது. நேரில் வந்து பார்த்தவர், "இது அந்தப் படம்தானா?" என்று கேட்டார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி விளக்கை 45 டிகிரியில் வைத்து, கேமராவைப் படத்துக்கு நேராக நிறுத்தித்தான் எடுக்கிறேன். நிறம் ஓரளவு தேறிவிடும், அளவுதான் தேறுவதில்லை. உள்ளங்கை அளவு படமும் ஆள் உயரப் படமும் போன் திரையில் ஒரே உயரம்தான்.

சரி, நேரில் மாட்டினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 1832-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர் டர்னரின் சாம்பல் நிறக் கடல் படத்துக்குப் பக்கத்தில், இன்னொரு ஓவியரான ஜான் கான்ஸ்டபிளின் படம் வந்து அமைந்தது. அது ஒரே சிவப்பும் தங்கமுமாகப் பளபளத்தது. அந்தக் காலத்தில், கண்காட்சி திறப்பதற்கு முன்னால் ஓவியர்கள் அரங்கிலேயே படத்தைத் திருத்தலாம். டர்னர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். தம் கடலில் ஒரே ஒரு சிவப்புப் பொட்டை வைத்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்து அதை ஒரு மிதவையாக மாற்றினார். டர்னர் வந்து துப்பாக்கியால் சுட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்று கான்ஸ்டபிள் புலம்பினாராம். இதை வெறும் போட்டியாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. கூடத்தில் தனியாக இருந்தவரை அந்தக் கடலுக்குச் சிவப்பு தேவைப்படவே இல்லை. பக்கத்தில் இன்னொன்று வந்த பிறகுதான் குறை தெரிந்தது.

என் படங்களில் இந்த மாதிரிக் குறையைக் காட்டியவர் ஒரு துப்புரவுப் பணியாளர். திறப்பு நாளுக்கு முந்தின மாலை. படங்களின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 சென்டிமீட்டரில் வருகிறதா என்று நான் அளந்துகொண்டிருந்தேன். அரங்கின் மஞ்சள் விளக்கில் என் நிழல்களின் நீலம் செத்துக் கிடந்தது, அந்தக் கவலை வேறு. அவர் தரை துடைத்துக்கொண்டே வந்தவர், ஒரு சின்னப் படத்துக்கு முன்னால் நின்றுவிட்டார். காலி நாற்காலி, அதன் முதுகில் ஒரு துண்டு. இடம் நிரப்பத்தான் அதை மாட்டியிருந்தேன்.

"இதுல இருந்தவங்க எழுந்து போயிட்டாங்களா, இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. அதைச் சொன்னேன். "வரைஞ்சவருக்கே தெரியலையா?" என்று சிரித்துவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். கண்காட்சி நடந்த அத்தனை நாளும் அந்தப் படத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். துண்டு கொஞ்சம் ஈரமாக இருந்திருந்தால் ஆள் இப்போதுதான் போயிருக்கிறார் என்று ஆகியிருக்கும். நான் அதை ஈரமாகவும் வரையவில்லை, காய்ந்ததாகவும் வரையவில்லை. துண்டு என்று வரைந்திருந்தேன், அவ்வளவுதான்.

காட்டாமலே இருந்துவிடலாம் என்று நினைத்தவர்களும் உண்டு. ஸ்வீடன் நாட்டு ஓவியர் ஹில்மா ஆஃப் கிளின்ட், தம் அருவ ஓவியங்களை, தாம் இறந்து 20 ஆண்டுகளுக்குப் பிறகுதான் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் காலமானது 1944-இல். அவை முதன்முதலில் பொதுக் கண்காட்சிக்கு வந்ததோ 1986-இல். அவருடைய துணிச்சலை மதிக்கிறேன். ஆனால் அவர் படத்தைப் பார்த்து யாராவது ஒருவர் என்ன கேட்டிருப்பார் என்பது அவர் காதில் விழவே இல்லையே என்று எனக்கு ஒரு ஆதங்கம்.

கண்காட்சி முடிந்து நாற்காலிப் படம் கூடத்துக்குத் திரும்பி வந்தது. நாலு மாதமாகச் சுவரைப் பார்த்து நிற்கிறது. போன வாரம் ஒரு துண்டை நனைத்துப் பிழிந்து, நிஜ நாற்காலியில் போட்டு, அது காயக் காய மடிப்பு எப்படி மாறுகிறது என்று மதியம் முழுக்க உட்கார்ந்து வரைந்து பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் நுனி விறைத்துக்கொள்கிறது, நடுவில் மட்டும் கனம் தொங்குகிறது. இங்கிருந்து போனதும் அந்தப் படத்தைத் திருப்பப் போகிறேன்.

வணக்கம்.