முழங்காலா, கைகளா?

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன் அவர்களே, அக்கா அவர்களே, எங்கள் அணித் தோழர்களே, வேலை முடிந்ததும் வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக ஆலய மைதானத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கும் சபையாரே, உங்கள் எல்லாருக்கும் என் ஸ்தோத்திரம்.

இயேசுவின் இரண்டாம் வருகைக்குக் காத்திருக்கும் கிறிஸ்தவனின் வாழ்வில் முதலிடம் ஜெபிக்கிற முழங்காலுக்கா, உழைக்கிற கைகளுக்கா? இதுதான் தலைப்பு. முழங்காலுக்கே என்று எதிரணித் தலைவர் அண்ணன் பேசி அமர்ந்திருக்கிறார். காலம் குறுகிவிட்டது, வேலை, வருமானம் என்று ஓடியதெல்லாம் போதும், உபவாசத்திலும் ஜெபத்திலும் தரித்திருங்கள் என்றார். மத்தேயு 24-ஐ எடுத்து, நோவாவின் காலத்து ஜனங்கள் புசித்துக் குடித்து, பெண் கொண்டு பெண் கொடுத்து, வெள்ளம் வந்து வாரிக்கொண்டு போகும்வரை உணராமல் இருந்ததை எச்சரிக்கையாகச் சொன்னார்.

அண்ணன் சொன்னது சரி. ஆனால் அதே நாட்களில் நோவா என்ன செய்துகொண்டிருந்தார்? மரம் அறுத்தார். கீல் பூசினார். முந்நூறு முழ நீளப் பேழையைக் கட்டி முடித்தார். தேவன் சொன்னதை நம்பியதால்தான் அவர் உளியை எடுத்தார். அவருடைய விசுவாசத்தை ஊரார் கண்ணால் பார்த்தது அந்தப் பேழையில்தான்.

அண்ணன் 39-ஆம் வசனத்தோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த இரண்டு வசனங்களையும் சேர்த்து வாசியுங்கள். இரண்டு பேர் வயலில் இருப்பார்கள், ஒருவன் ஏற்றுக்கொள்ளப்படுவான். இரண்டு ஸ்திரீகள் ஏந்திரம் அரைத்துக்கொண்டிருப்பார்கள்; ஒருத்தி ஏற்றுக்கொள்ளப்படுவாள். ஐயா, அந்த ஏற்றுக்கொள்ளப்பட்டவள் அந்த நேரத்தில் எங்கே இருந்தாள்? ஏந்திரத்தின் பக்கத்தில்! கையில் மாவு ஒட்டியிருக்க, பக்கத்து வீட்டுக்காரியோடு உட்கார்ந்து அரைத்துக்கொண்டிருந்தாள். வேலை இருவருக்கும் ஒன்றுதான், வித்தியாசம் இருதயத்தில் இருந்தது. அதை நான் மறுக்கவே இல்லை. ஆனால் ஆயத்தமான இருதயம் உள்ளவளும் அரைப்பதை நிறுத்திவிட்டு ஜெபிக்க மேல்வீட்டு அறைக்குப் போய்விடவில்லை.

எதிரணி அக்கா, "விழித்திருங்கள் என்று ஆண்டவர் கட்டளையிட்டிருக்கிறாரே, பத்துக் கன்னிகைகளை மறந்துவிட்டீர்களா" என்று கேட்டார். மறக்கவில்லை, அக்கா. ஆண்டவர் சொன்ன அந்த உவமையில், விளக்கோடு காத்திருந்த கன்னிகைகள் மணவாளன் வரத் தாமதமானபோது பத்துப் பேருமே தூங்கிப்போனார்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் சேர்த்துத்தான். தூங்கியதற்காக ஆண்டவர் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. அந்த ஐவரைக் காப்பாற்றியது விளக்குக்கென்று முன்கூட்டியே வாங்கி வைத்திருந்த எண்ணெய். அது நடுராத்திரியில் கிடைக்கிற பொருள் இல்லை. கடை திறந்திருக்கும் சாதாரண நாளில், ஒரு அவசரமும் இல்லாத நேரத்தில் வாங்கி வைக்க வேண்டியது.

சரி, ஆண்டவர் வரும்போது முதலில் எதைப் பார்ப்பார்? இதற்கும் அதே 24-ஆம் அதிகாரமே பதில் சொல்கிறது. ஏற்றவேளையில் தன் வேலைக்காரருக்குப் போஜனம் கொடுக்கும்படி எஜமான் ஒரு ஊழியக்காரனை வைத்துவிட்டுப் போகிறார். அவர் திரும்பி வரும்போது "அப்படிச் செய்கிறவனாய்க் காணப்படுகிற ஊழியக்காரனே பாக்கியவான்" என்கிறார். பொல்லாத ஊழியக்காரன் மேல் விழுந்த குற்றம் என்ன? எஜமான் வர நாள் செல்லும் என்று எண்ணினான். எண்ணியதும் உடன் வேலைக்காரரை அடிக்கத் தொடங்கினான், குடிகாரரோடு உட்கார்ந்தான். ஆக, எஜமான் இல்லாத நேரத்தில் அவருடைய வீட்டாரை நாம் எப்படி நடத்தினோம் என்பதுதான் கணக்கு. எங்கள் அணியின் வாதம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் நிற்கிறது, ஐயா.

நான் கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். கட்டுகிறவர் நம்மைப்போல் ஒரு விசுவாசி. சனிக்கிழமை சாயங்காலம், கூலி நாள். கொத்தனார் ஏதோ முன்பணம் வாங்கியிருந்ததால் கிளம்பிவிட்டார். ஒரு சித்தாள் அக்கா மட்டும் படியில் உட்கார்ந்திருந்தார். பாண்டுச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாயிற்று. சும்மாட்டுத் துணியை மடியில் போட்டு மடிக்கிறார், பிரிக்கிறார், திரும்பவும் மடிக்கிறார். சிமெண்ட் தின்ற விரல் நுனியெல்லாம் வெடித்திருந்தது. போன் செய்தால் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் வருகை ஆயத்தக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அந்தக் கூட்டத்தின் ஜெபச் சத்தம் ஒலிபெருக்கியில் அந்தப் படி வரைக்கும் கேட்டது. இருட்டிய பிறகு, கடைசி பஸ் போய்விடும் என்று அந்த அக்கா வெறுங்கையோடு எழுந்து போனார். ஞாயிற்றுக்கிழமைக்கு அரிசி வாங்க வேண்டிய காசு அது.

வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே உருக்கமாக ஜெபிக்கிறவர். அதனால்தான் எனக்கு இன்றுவரை மனது ஆறவில்லை. யாக்கோபு நிருபம் ஐந்தாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். "கர்த்தர் வருமளவும் நீடிய பொறுமையாயிருங்கள்" என்ற ஏழாம் வசனத்தை நாம் காலண்டரில் அச்சடித்து வைத்திருக்கிறோம். அதற்கு மூன்று வசனம் மேலே என்ன இருக்கிறது? வயலை அறுத்த வேலைக்காரருடைய கூலி, பிடித்துவைக்கப்பட்டு, கூக்குரலிடுகிறது என்று இருக்கிறது. அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவியில் பட்டது என்றும் இருக்கிறது. கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம்வரை உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் முன்னமே சொல்லியாயிற்று. அன்று இரவு அந்தத் தெருவிலிருந்து இரண்டு சத்தம் மேலே போனது. எது முதலில் போய்ச் சேர்ந்திருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

யாக்கோபு அதே இடத்தில் பயிரிடுகிறவனையும் காட்டுகிறார். முன்மாரிக்கும் பின்மாரிக்கும் பொறுமையோடு காத்திருக்கிறானே, அவனை. ராமநாதபுரத்துப் பக்கத்துச் சம்சாரிகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. மழை இன்னும் வந்திருக்காது, வானத்தில் மேகம்கூட இருக்காது, ஆனால் புரட்டாசியில் காய்ந்த மண்ணை உழுது புழுதியிலேயே நெல்லை விதைத்துவிடுவார்கள். மழை வரும் என்று நம்புகிறவன் செய்கிற வேலை அது. வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று திண்ணையில் இருப்பவன் மழையை நம்பினான் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்தச் சிக்கல் புதிதும் இல்லை. கி.பி. 50-ஐ ஒட்டி தெசலோனிக்கே சபையில் இதே பேச்சு கிளம்பியது. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று கலங்கினார்கள். சிலர் ஒரு வேலையும் செய்யாமல் வீண் அலுவலில் திரிந்தார்கள். பவுல் என்ன எழுதினார்? சொந்தக் கைகளினாலே வேலை செய்யுங்கள் என்று முதல் நிருபத்திலேயே சொன்னார். அது போதாதபோது, வேலை செய்ய மனதில்லாதவன் சாப்பிடவும் கூடாது என்று இரண்டாம் நிருபத்தில் கண்டித்தார். வருகையின் எக்காளத்தையும் மேகத்தையும் பற்றி அதே சபைக்கு எழுதிய அதே பவுல்தான். கொரிந்துவில் ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் செய்து பிழைத்த மனிதர் அவர். கொரிந்தியருக்கு எழுதும்போதும் பாருங்கள்: 15-ஆம் அதிகாரத்தில் கடைசி எக்காளம் தொனிக்கிறது. 16-ஆம் அதிகாரம் திறந்தவுடன் எருசலேம் ஏழைகளுக்கான தர்மப்பணம், வாரத்தின் முதல் நாளில் அவனவன் எடுத்து வைக்கட்டும் என்று!

இதை விட்டு வானத்தையே பார்த்து நின்றவர்கள் பட்ட துயரம் கொஞ்சமல்ல. திருவிதாங்கூரில் 1875-இல் பெரிய எழுப்புதல் வந்தது. அதை நடத்தியவர்களில் ஒருவர் ஜஸ்டஸ் ஜோசப், வித்வான் குட்டி என்பார்கள். தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர். வருகைக்கு ஏங்கி அவர் எழுதிய மலையாளப் பாட்டு இன்றும் கேரளத்துச் சபைகளில் பாடப்படுகிறது. அந்தக் கூட்டத்தார் 1881-இல் ஆண்டவர் வருவார் என்று நாள் குறித்தார்கள். அந்த நாள் கடந்துபோனது. தென்கொரியாவில் 1992 அக்டோபர் 28 என்று ஒரு கூட்டம் அறிவித்தது. வேலையை விட்டார்கள், வீட்டை விற்றார்கள், குடும்பத்தைப் பிரிந்தார்கள். அதன் தலைவர், விசுவாசிகளின் பணத்தை மோசம் செய்ததாக முந்தைய மாதமே கைதானார். அந்தத் தேதிக்கு அப்புறம் முதிர்வடையும் பத்திரங்கள் அவரிடம் இருந்தன. மறுநாள் விடிந்தபோது வீடும் வேலையும் இல்லாமல் நின்ற அந்தத் தாய் தகப்பன்மார்களை நினைத்தால் நெஞ்சு பதறுகிறது. அந்த நாளும் நாழிகையும் பிதா ஒருவர் தவிர யாரும் அறியார் என்ற ஒற்றை வசனத்தைக் கேட்டிருந்தால் போதுமே.

மாறாக ஒரு மனிதரைச் சொல்கிறேன். 1780 மே 19. அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியில் பட்டப்பகலில் இருட்டிவிட்டது. காட்டுத்தீயின் புகை மேலே அடைத்துக்கொண்டதுதான் காரணம் என்று பிற்பாடு சொன்னார்கள். அன்றைக்கு யாருக்குத் தெரியும்? கோழிகள் அடையப் போயின, மத்தியானச் சாப்பாட்டுக்கு விளக்கு ஏற்றினார்கள், நியாயத்தீர்ப்பு நாள் வந்துவிட்டது என்று ஜனங்கள் நடுங்கினார்கள். ஹார்ட்ஃபோர்டில் கனெக்டிகட் சட்டசபையின் ஒரு அவை கலைந்துபோனது. இன்னொரு அவையான ஆலோசனைச் சபையையும் கலைக்கலாமா என்று கேட்டபோது ஏப்ரகாம் டேவன்போர்ட் என்ற உறுப்பினர் எழுந்து சொன்னார்: நியாயத்தீர்ப்பு நாள் ஒன்று நெருங்குகிறது, இல்லை நெருங்கவில்லை. நெருங்கவில்லை என்றால் கலைய வேண்டியதில்லை. நெருங்குகிறது என்றால், நான் என் கடமையைச் செய்துகொண்டிருக்கும்போது காணப்படவே விரும்புகிறேன். மெழுகுவத்திகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பயம் இல்லாதவர் பேசிய பேச்சு என்று இதை நான் எடுத்துக்கொள்ளவில்லை. வருகிறவர் யார் என்று தெரிந்தவர் பேசிய பேச்சு இது. வருகிறவர் நம் எஜமான். அவர் கொடுத்த வேலை பாதியில் கிடக்க, நாற்காலியை விட்டு ஏன் ஓட வேண்டும்?

ஆண்டவரின் பாதத்தருகே உட்கார்ந்து வசனம் கேட்ட மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாளே என்று எதிரணியில் அடுத்துப் பேசுகிறவர் கட்டாயம் கேட்பார். கேட்கட்டும். வேலையில் இருந்த அவள் சகோதரி மார்த்தாள் அநேக காரியங்களைக் குறித்துக் கவலைப்பட்டுக் கலங்கியதைத்தான் ஆண்டவர் கண்டித்தார். சமையலைக் கண்டிக்கவில்லை. பஸ்காவுக்கு ஆறு நாளுக்கு முன் பெத்தானியாவில் விருந்து நடந்தபோதும் மார்த்தாள்தான் பணிவிடை செய்தாள். அப்போது ஆண்டவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சகோதரன் லாசருவை அடக்கம் செய்து நான்கு நாளான பிறகு, "நீர் உலகத்தில் வருகிறவரான தேவகுமாரனாகிய கிறிஸ்து என்று நான் விசுவாசிக்கிறேன்" என்று அறிக்கையிட்டவளும் அடுப்படியில் நின்ற அதே மார்த்தாள்தான்.

அப்படியானால் ஜெபம் வேண்டாமா? அப்படி நான் சொல்லவே இல்லை, ஐயா. ஆண்டவரே இருட்டோடு எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்தார். அதே மாற்கு முதலாம் அதிகாரத்தில், ஜெபித்து எழுந்த கையோடு ஊர் ஊராகப் போகிறார், யாரும் தொடாத குஷ்டரோகியைக் கை நீட்டித் தொடுகிறார். முழங்காலில் பெற்ற பலம் அவருடைய கைக்கு வந்து சேர்ந்தது. கைக்கு வராத பலத்தை வைத்துக்கொண்டு, பசியாயிருந்தேன் போஜனம் கொடுத்தாயா, வியாதியாயிருந்தேன் விசாரிக்க வந்தாயா என்று கேட்கப்போகிறவருக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

நடுவர் ஐயா, மணி அடிக்கப் போகிறீர்கள். ஒரே ஒரு வேண்டுகோள். டிசம்பர் 31 இரவு ஆராதனைக்கு நாம் எல்லாரும் வருவோம். புத்தாண்டுக்கான வசனம் எழுதிய வாக்குத்தத்த அட்டை வாங்கக் கை நீட்டுவோம். அதற்கு முன்னால், அன்று சாயங்காலமே, வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கு, தோட்ட வேலை செய்தவருக்கு, வண்டி ஓட்டுகிற தம்பிக்கு, கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று வீட்டில் கேட்டு, இருந்தால் அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஆலயத்துக்கு வருவோம். உங்கள் தீர்ப்போடு சேர்த்து இதையும் சபைக்கு அறிவிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கைகளுக்கே முதலிடம் என்று தீர்ப்பு வழங்க வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.