பேசி வாங்கும் உரிமையும் சட்டமாகட்டும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

"மலையகத் தொழிலாளியின் கூலியைக் காப்பது சம்பளச் சட்டமா, கூட்டு ஒப்பந்தமா?" என்பது தலைப்பு. இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டத் தொழிலாளியைத்தான் சொல்கிறோம்; அவர்களின் சங்கங்களும் கம்பனிகளும் கூலியைப் பேசி எழுதிக்கொள்வதே கூட்டு ஒப்பந்தம். கூட்டு ஒப்பந்தமே என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் கேட்டார்: "ஆயிரம் ரூபாயைத் தந்தது சம்பள நிர்ணய சபையின் வர்த்தமானிதானே?" ஆமாம். குறைந்தபட்சக் கூலியை நிர்ணயிக்கும் அந்தச் சபை, அரசிதழான வர்த்தமானியில் அறிவித்து, 2021 மார்ச்சில் நாட்கூலி அடிப்படை 900, படி 100 என்று ஆயிரம் ரூபாய் சட்டமானது. அதற்குப் பிறகு நடந்ததை அவர் சொல்லவில்லை. பெருந்தோட்டக் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. பல தோட்டங்களில் ஒரு பேருக்கு, அதாவது ஒரு நாள் முழுக் கூலிக்கு, பறிக்க வேண்டிய கொழுந்தின் நிறையைக் கூட்டினார்கள். பதினெட்டு கிலோவுக்கு முழுப்பேர் வாங்கிய பெண்ணிடம் இருபது கேட்டார்கள். குறைந்தால் அரைப்பேர்! சட்டத்தில் ஆயிரம் இருந்தது ஐயா, அவள் கைக்கு வந்தது அதில் பாதி.

ஒரு நாளுக்கு எவ்வளவு கூலி என்று வர்த்தமானி சொல்லிவிடும். ஒரு நாள் வேலை என்றால் எத்தனை கிலோ? அடைமழையில் எத்தனை? கவாத்து வெட்டிய மலையில் எத்தனை? தராசில் சாக்குக்கும் ஈரத்துக்கும் எத்தனை கிலோ கழிக்கலாம்? கொழும்பில் உட்கார்ந்து இதை யார் எழுத முடியும்? மலை ஏறி இறங்குகிறவர்களும் தோட்டத்தை நடத்தும் துரையும் எதிரெதிரே அமர்ந்து பேசித்தான் முடிக்க வேண்டும். கூட்டு ஒப்பந்தம் தேவைப்படுவது இதற்குத்தான்.

சட்டம் போட்ட தொகையாவது நிலைத்து நின்றதா? 2024-இல் 1,700 ரூபாய் என்று வர்த்தமானி வந்தது. கம்பனிகள் நீதிமன்றம் போயின, இடைக்காலத் தடை வந்தது. அந்த ஆண்டு அடிப்படைச் சம்பளம் 1,350-இல் நின்றது.

"ஒப்பந்தம் மட்டும் என்ன கிழித்தது?" என்று அடுத்த பேச்சாளர் கேட்பார். நானே சொல்கிறேன். 2016 ஒப்பந்தத்தில் படிகள் எல்லாம் சேர்த்து 730 ரூபாய். 2019-இல் அடிப்படையை 700 ஆக்கிவிட்டு, வரவுக் கொடுப்பனவையும் உற்பத்திக் கொடுப்பனவையும் எடுத்தார்கள். மொத்தம் 750. ஆயிரம் கேட்டுத் தெருவில் நின்ற சனத்துக்கு இருபது ரூபாய்! அந்தக் கோபம் எனக்கும் உண்டு. ஆனால் அன்று பேசியது யார்? சில தொழிற்சங்கத் தலைவர்களும் முதலாளிமார் சம்மேளனமும். கொழுந்து பறிக்கிறவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். கையெழுத்துக்கு முன் அவர்களிடம் வாக்குக் கேட்டார்களா? அது கூட்டாகப் பேசியதே அல்ல.

கூட்டுப் பேரத்துக்கான சர்வதேசத் தொழில் அமைப்பின் 98-ஆம் சமவாயத்தை இலங்கை 1972-இல் ஏற்றது. ஒரு வேலைத்தளத்தில் 40 சதவீதம் பேரைக் கொண்ட சங்கத்தோடு பேரம் பேச மறுப்பது முறையற்ற செயல் என்று 1999-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். கட்சிக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடக்கும் தோட்டத்தில் ஒரு சங்கம் தனியாக அந்த நாற்பதைத் தொடுவது எவ்வளவு கடினம்!

சம்பள நிர்ணய சபையை மூடச் சொல்லவில்லை நடுவர் அவர்களே. அது போடும் கூலி அடித்தளமாக இருக்கட்டும். அதற்கு மேல், சங்கங்கள் சேர்ந்து 40 சதவீதம் காட்டினாலும் கம்பனி பேசியாக வேண்டும். புதிய ஒப்பந்தம் வரும்வரை பழையது செல்ல வேண்டும். நிறையை ஒருதலையாகக் கூட்டக் கூடாது. கையெழுத்துக்கு முன் தோட்டந்தோறும் இரகசிய வாக்கெடுப்பு வேண்டும். இவ்வளவையும் நாடாளுமன்றம் சட்டமாக்கட்டும்.

கூலியைச் சட்டம் காக்கும் என்கிற எதிரணியினர் எனக்கு ஒரு பதில் சொல்லட்டும்: நாளைக்குத் துரை இருபத்திரண்டு கிலோ கேட்டால், எந்த வர்த்தமானி அவரைத் தடுக்கும்?