பட்டனை அமுக்குன பிறகும் கேமரா ஏன் காத்திருக்குது?

[காட்சி: மேசை மேல ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா. பின்பக்கத் திரையில ஒரு காதுகுத்துப் படம்.]

வணக்கம். இந்தப் படத்தைக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. தாய்மாமன் மடியில பிள்ளை உட்கார்ந்திருக்கு. ஆனா முகம் தெரியல, மாமன் தோள்ல புதைஞ்சு கிடக்கு. ஆசாரியோட கை வேலையை முடிச்சுட்டுக் கீழ இறங்கிடுச்சு. ஊசி பட்டதும் பிள்ளை வாயைப் பொளந்து வீல்னு கத்துச்சு பாருங்க, அந்த நொடி இந்தப் படத்துல இல்ல.

எடுத்த தம்பி என்கிட்ட கேமராவைக் கொண்டு வந்து, "அண்ணே, நான் சரியான நேரத்துலதான் அமுக்குனேன். இதுதான் லேட்டா எடுத்துச்சு. வித்துட்டு வேற வாங்கிடலாமா?"ன்னு கேட்டாரு.

அவர் சரியாத்தான் அமுக்கியிருக்காரு. ஆனா கேமராவும் கெட்டுப் போகல. பட்டனை அமுக்குறதுக்கும் படம் பதியறதுக்கும் நடுவுல கேமரா செய்யுற வேலைகள் நிறைய. அதுல எந்த வேலைக்கு அது நேரம் எடுத்துக்குதுன்னு கண்டுபிடிச்சாப் போதும். அன்னைக்கு அந்தக் கேமராவை வச்சுக்கிட்டு நாங்க ஒவ்வொன்னா பார்த்ததைத்தான் இப்போ உங்களுக்குக் காட்டப் போறேன்.

முதல்ல, காதைத் தீட்டி வச்சுக்கங்க. தாமதம் எங்க வருது? "டக்"னு சத்தம் வர்றதுக்கு முன்னாடியா? சத்தமே இழுத்துக்கிட்டு வருதா? இல்ல, சத்தம் வந்து படமும் எடுத்தாச்சு, அடுத்த படத்துக்குத்தான் விட மாட்டேங்குதா? மூணும் மூணு வேற பிரச்சினை. "கேமரா ஸ்லோ"ன்னு ஒரே பேர்ல கூப்பிடுறதாலதான் தீர்வு கிடைக்காம அலையுறோம்.

[காட்சி: லென்ஸ் பக்கவாட்டு சுவிட்ச், மிக அருகில். விரல் அதை ஏஎஃப்-ல இருந்து எம்எஃப்-க்குத் தள்ளுது.]

இப்போ ஒரு சோதனை. லென்ஸ்ல இருக்குற சுவிட்சை எம்எஃப்-க்கு, அதாவது மேனுவல் ஃபோகஸுக்குத் தள்ளுங்க. சில லென்ஸ்ல சுவிட்ச் இருக்காது, அப்போ மெனுவுல மாத்தணும். ஃபிளாஷை மூடிடுங்க. மோடு டயலை எஸ்-ல, அதாவது ஷட்டர் வேகத்தை நாமே வைக்கிற மோடுல வைங்க, கேனான்ல அது டிவி-ன்னு (Tv) போட்டிருக்கும். ஷட்டர் வேகம் 1/250 நொடி. இப்போ வியூஃபைண்டர், அதாவது கண்ணை வச்சுப் பார்க்குற ஜன்னல் வழியாப் பார்த்து, பட்டனை ஒரே அமுக்கா அமுக்குங்க.

[ஒலி: டக்.]

கேட்டுச்சா? அமுக்குன கையோட எடுத்துடுச்சு. படம் இருட்டா இருக்கலாம், மங்கலா இருக்கலாம், அதைப் பத்திக் கவலையில்ல. இந்த நிலையில ஒரு சாதாரண டிஎஸ்எல்ஆர் சுமாரா பத்துல ஒரு பங்கு நொடிக்குள்ள எடுத்துடும். தம்பியோட கேமராவும் எடுத்துச்சு. அப்போ பாடி நல்லாயிருக்கு, ஷட்டர் நல்லாயிருக்கு. அதைக் கேட்டதும் அவர் முகத்துல வந்த நிம்மதியை நீங்க பார்த்திருக்கணும்.

இனிமே மூடுனதையெல்லாம் ஒவ்வொன்னா திறந்துக்கிட்டே வருவோம். எதைத் திறக்கும்போது தாமதம் திரும்பி வருதோ, அதுதான் காரணம்.

முதல்ல ஆட்டோஃபோகஸ். சுவிட்சைத் திரும்ப ஏஎஃப்-க்குத் தள்ளி, அறை வெளிச்சத்துல ஒரு வெள்ளைச் சுவரைப் பார்த்து அமுக்குங்க.

[ஒலி: லென்ஸ் மோட்டார். வ்ர்ர்... வ்ர்ர்...]

இந்தச் சத்தம்தான். லென்ஸ் முன்னாடி போகுது, பின்னாடி வருது, தேடுது. வெள்ளைச் சுவர்ல பிடிச்சுக்க ஒரு கோடு கூட இல்ல. ஃபோகஸுக்கு வெளிச்சமும் நிழலும் பிரியற ஒரு விளிம்பு வேணும். பட்டுப் புடவையோட வெறும் உடல் பகுதியில ஃபோகஸ் புள்ளியை வச்சா தடுமாறும், ஜரிகைக் கரையில வச்சா சட்டுன்னு பிடிக்கும். முகத்துல கன்னத்தை விடக் கண்ணோட ஓரம் நல்லது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு. தம்பி அன்னைக்கு வியூஃபைண்டர்ல பார்த்து எடுக்கல. கையைத் தூக்கி, பின்பக்கத் திரையைப் பார்த்து, லைவ் வியூவுல எடுத்திருக்காரு. கூட்டத்துக்கு மேல தெரியணுமேன்னு. பழைய டிஎஸ்எல்ஆர்ல லைவ் வியூ போட்டா ஃபோகஸ் பண்ற முறையே மாறிடும்.

[காட்சி: பழைய ரேடியோவோட திருகு. ஒரு கை அதை மெதுவாத் திருப்புது.]

பழைய ரேடியோவுல ஸ்டேஷன் பிடிச்ச ஞாபகம் இருக்கா? திருகைத் திருப்பிக்கிட்டே போவோம், பாட்டு தெளிவாகும், இன்னும் கொஞ்சம் திருப்புனா மறுபடி இரைச்சல். ஓ, தாண்டிட்டோம்னு பின்னாடி வருவோம். லைவ் வியூவுல வர்ற கான்ட்ராஸ்ட் டிடெக்‌ஷன் அப்படித்தான் வேலை செய்யுது. தாண்டிப் போய்ப் பார்த்தாத்தான் சரியான இடம் எதுன்னு அதுக்குத் தெரியும். ஆனா வியூஃபைண்டர்ல பார்க்கும்போது, கேமராவுக்குள்ள லென்ஸுக்குப் பின்னாடி இருக்குற கண்ணாடிக்குக் கீழ தனியா ஒரு ஃபோகஸ் சென்சார் இருக்கு. அது நம்ம ரெண்டு கண்ணு மாதிரி, லென்ஸோட ரெண்டு ஓரத்துல இருந்து வர்ற வெளிச்சத்தை ஒப்பிட்டுப் பார்க்கும். எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் நகரணும்னு அதுக்கு முதல்லயே தெரிஞ்சுடும். இதுதான் ஃபேஸ் டிடெக்‌ஷன். லைவ் வியூவுல கண்ணாடி மேல தூக்கி நிக்குறதால அந்தச் சென்சாருக்கு வெளிச்சமே போகாது.

கேனான் 2013-ல 70டி கேமராவுல டூயல் பிக்சல்னு ஒன்னு கொண்டு வந்தாங்க. படம் பிடிக்கிற சென்சார்லயே ஃபேஸ் டிடெக்‌ஷன். அந்த வசதி உள்ள கேமராவுலயும், இப்போ வர்ற, அந்தக் கண்ணாடியே இல்லாத மிரர்லெஸ் கேமராக்கள்லயும் இந்தக் கஷ்டம் ரொம்பக் குறைவு. உங்ககிட்ட அது இல்லாத டிஎஸ்எல்ஆர் இருந்தா, ஓடுற ஆளை எடுக்க லைவ் வியூவை மறந்துடுங்க. கண்ணை வியூஃபைண்டர்ல வைங்க.

ஃபோகஸ் மோடையும் ஒரு தடவை பாருங்க. கேனான்ல ஒன் ஷாட், நிக்கான்ல ஏஎஃப்-எஸ், இதுல இருந்தா ஃபோகஸ் பிடிச்சேன்னு உறுதியானாத்தான் கேமரா எடுக்கும். நீங்க எவ்வளவு அழுத்துனாலும் அசையாது. நகர்ற ஆளை விடாமத் தொடர்ந்து ஃபோகஸ் பண்ற ஏஐ சர்வோ (கேனான்) அல்லது ஏஎஃப்-சி-ல (நிக்கான்) பெரும்பாலான கேமராக்கள், ஃபோகஸ் முழுசா அமையலன்னாலும் எடுத்துடும். தூரத்துல இருக்குறதைக் கிட்ட காட்டுற பெரிய டெலி லென்ஸ் வச்சிருக்கவங்க, லென்ஸ் பக்கவாட்டுல ஃபோகஸ் லிமிட்டர் சுவிட்ச் இருந்தா பயன்படுத்துங்க. கிட்டக்க இருக்குற தூரத்தையெல்லாம் தேடாம விட்டுடும்.

அடுத்தது ஃபிளாஷ். தம்பியோட கேமராவுல ஃபிளாஷைத் தூக்கினோம், அமுக்கினோம். முன்பக்கம் ஒரு சின்ன விளக்கு எரிஞ்சுது. எரிஞ்சுக்கிட்டே நின்னுச்சு. அப்புறம்தான் டக்.

[காட்சி: கேமரா முன்பக்க விளக்கு எரியுது. திரை ஓரத்துல கண் வடிவக் குறி.]

"இதாண்ணே, இதாண்ணே!"ன்னு துள்ளிட்டாரு. ஃபிளாஷ் குறிக்குப் பக்கத்துல ஒரு கண் படம் இருந்துச்சு. ரெட்-ஐ ரிடக்‌ஷன். இருட்டுல விரிஞ்சு கிடக்குற கண்மணியைச் சுருக்குறதுக்காக, ஃபிளாஷுக்கு முன்னாடி கேமரா ஒரு விளக்கைக் காட்டும். பல கேமராக்கள்ல இது சுமார் ஒரு நொடி. உட்கார வச்சு எடுக்குற குடும்பப் படத்துக்கு அந்த ஒரு நொடி சரி. காதுகுத்துக்கு அந்த ஒரு நொடிதான் எல்லாமே. சிவப்புக் கண்ணைப் பின்னாடி மொபைல்லயே சரி பண்ணிக்கலாம். போன நொடியை எந்த மென்பொருளும் திருப்பித் தராது, அதனால இதை அணைச்சுடுங்க.

ஃபிளாஷ் போட்டு ஒன்னு எடுத்துட்டு, ரெண்டாவதுக்குக் காத்திருக்கீங்களா? உள்ள இருக்குற மின்தேக்கி மறுபடி நிரம்பணும். கேமராவோட சேர்ந்து வர்ற ஃபிளாஷா இருந்தா, அது நிரம்புற வரைக்கும் பட்டன் வேலையே செய்யாது. வெளி ஃபிளாஷுக்குச் சாதாரண ஆல்கலைன் பேட்டரி போடாதீங்க. ரீசார்ஜ் பண்ற நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி போடுங்க, சீக்கிரம் நிரம்பும்.

இதெல்லாம் சரியா இருந்தும் சரியா ரெண்டு நொடி கழிச்சு எடுக்குதுன்னா, செல்ஃப் டைமர் போட்டது அப்படியே இருக்கான்னு பாருங்க. நிக்கான்ல, வேணும்னே கொஞ்சம் தாமதிச்சு எடுக்குற எக்ஸ்போஷர் டிலே மோடுன்னு ஒன்னு உண்டு, அதையும் பாருங்க. திருமண மண்டபத்துல டியூப்லைட் வெளிச்சம் நொடிக்கு 100 தடவை ஏறி இறங்குறதைப் பார்த்து, ஏறுற நேரத்துல எடுக்குற ஆன்டி-ஃபிளிக்கர் சில கேமராக்கள்ல இருக்கும். அதுவும் துளி காத்திருக்க வைக்கும், ஆனா கண்ணுக்குத் தெரியுற அளவுக்கு இல்ல. அதை அணைக்க வேண்டாம், அது நல்லது.

இப்போ ரெண்டாவது வகை. சத்தமே இழுத்துக்கிட்டு வர்றது. "டக்... டக்"னு ரெண்டா பிரிஞ்சு கேட்டா, ஷட்டர் திறந்து ரொம்ப நேரம் கழிச்சு மூடுதுன்னு அர்த்தம். ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை உணர்ற அளவை 100-லயே விட்டுட்டு மண்டபத்துக்குள்ள போனா, ஷட்டர் வேகம் 1/4 நொடிக்குக் கூட இறங்கும். ஐஎஸ்ஓவை 1600, 3200-ன்னு ஏத்துங்க. புள்ளி புள்ளியா வந்தாலும் பரவாயில்ல, ஆடாத படம் கிடைக்கும்.

[காட்சி: கேமராவோட கார்டு விளக்கு மின்னிக்கிட்டே இருக்கு.]

மூணாவது, எடுத்து முடிச்ச பிறகு வர்ற காத்திருப்பு. தொடர்ச்சியா எடுக்கும்போது பட பட படன்னு ஓடி, திடீர்னு திணறுதா? ஒரு புனல்ல எண்ணெய் ஊத்துறதா நினைச்சுக்கங்க. மேல வாய் அகலம், கீழ குழாய் ஒல்லி. அகல வாய்தான் கேமராவுக்குள்ள படங்கள் தற்காலிகமாத் தங்குற பஃபர். ஒல்லிக் குழாய் உங்க மெமரி கார்டு. 24 மெகாபிக்சல் ரா படம், அதாவது கேமரா பதப்படுத்தாம அப்படியே சேமிக்கிற படம் ஒன்னு சுமார் 25 எம்பி வரும். நொடிக்கு 5 எடுத்தா 125 எம்பி உள்ள விழுது. உங்க கார்டு நொடிக்கு 20 எம்பிதான் எழுதும்னா? பத்துப் படம் இறங்கவே பன்னிரண்டரை நொடி ஆகும். புனல் வழிய ஆரம்பிச்சதும் கேமரா நின்னுடும்.

கார்டு மேல பெருசா 95, 170-ன்னு அச்சடிச்சிருக்குறது பெரும்பாலும் படிக்கிற வேகம், எழுதுற வேகம் இல்ல. உண்மையான உத்தரவாதம் சின்ன எழுத்துல இருக்கும். 10-ஐச் சுத்தி வட்டம் போட்டிருந்தா நொடிக்குக் குறைஞ்சது 10 எம்பி. யு3, வி30-ன்னா 30 எம்பி. தம்பி வச்சிருந்தது அந்த வட்டத்துக்குள்ள 10. வி30 ஒன்னு வாங்கச் சொன்னேன், அது மட்டும்தான் அவருக்கு ஆன செலவு. பின்பக்கம் ரெண்டு வரிசை ஊசி இருக்குற யுஎச்எஸ்-2 கார்டு ரொம்ப வேகம்தான், ஆனா உங்க கேமராவுல அதுக்கான வசதி இல்லன்னா காசை வீணாக்காதீங்க.

வேகமான கார்டு இருந்தும் இடிக்குதா? ராவும் ஜேபெக்கும் சேர்த்து எடுக்குறதை நிறுத்திட்டு ஒன்னை மட்டும் வைங்க. படங்களை ரெண்டு இடத்துல காப்பி எடுத்துட்டு, கார்டை கேமராவுலயே ஃபார்மேட் பண்ணுங்க. கார்டு விளக்கு மின்னும்போது கார்டையோ பேட்டரியையோ கழட்டிடாதீங்க, படம் போயிடும்.

ராத்திரியில கோபுரத்தை 30 நொடி எக்ஸ்போஷர்ல எடுத்துட்டு, இன்னொரு 30 நொடி கேமரா முடங்கிக் கிடக்குதுன்னு பயந்து ஆஃப் பண்றவங்க இருக்காங்க. அது லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன். ஷட்டரை மூடியே அதே நேரத்துக்கு ஒரு இருட்டுப் படம் எடுத்து, அதை வச்சு முதல் படத்துல இருக்குற புள்ளிகளைக் கழிக்குது. நிக்கான்ல அப்போ "ஜாப் என்ஆர்"-னு மின்னும். அது முடியட்டும்.

[காட்சி: ஷட்டர் பட்டன் மேல விரல், மிக அருகில். பாதி அமுங்கி நிக்குது.]

கடைசியா, விரல். பட்டனுக்கு ரெண்டு படி உண்டு. பாதி அமுக்குனா கேமரா தூக்கத்துல இருந்து எழும், ஃபோகஸ் பண்ணும், வெளிச்சத்தை அளக்கும். மீதிப் பாதியில எடுக்குறது மட்டும்தான் பாக்கி. காதுகுத்துல ஊசி எந்தக் காதுக்கு வரப் போகுதுன்னு முன்னாடியே தெரியும். அந்தக் காது மேல, ஒன் ஷாட்ல, பாதி அமுக்கிப் பிடிச்சு வைங்க. ஆசாரி கையைத் தூக்கும்போதும் பிடிச்சுக்கிட்டே இருங்க. பிள்ளை உதடு சுழிக்குது பாருங்க, அப்போ மீதியை அமுக்குங்க. தம்பியை என் வீட்டுத் திண்ணையில உட்கார வச்சு, போற வர்ற சைக்கிளையெல்லாம் இப்படி அரைமணி நேரம் எடுக்க வச்சேன். கடைசிப் பத்துப் படத்துல ஒன்பதுல சைக்கிள் நடுவுல நின்னுச்சு.

இவ்வளவும் பார்த்த பிறகும் தாமதம் இருந்தா, லென்ஸைக் கழட்டி, பின்பக்கத்துல இருக்குற தங்க நிற முனைகளை உலர்ந்த மெல்லிய துணியால துடைச்சுட்டு மறுபடி ஒரு தடவை பாருங்க. அப்பவும் சரியாகலன்னா சர்வீஸுக்குக் கொண்டு போங்க. அங்க "கேமரா ஸ்லோ"ன்னு சொல்லாதீங்க. "எம்எஃப்-ல, ஃபிளாஷ் ஆஃப்ல, 1/250-ல வச்சும் பட்டனை ரெண்டு தடவை அமுக்குனாத்தான் எடுக்குது"ன்னு, நீங்க பார்த்ததை அப்படியே சொல்லுங்க. மெக்கானிக் நேரா பட்டனோட சுவிட்சைத்தான் முதல்ல பார்ப்பாரு.