கடைசி அத்தியாயத்தின் மேல் ஒரு வழக்கு
(கிளை நூலகம் ஒன்றின் வாசகர் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். ‘எனக்குப் பிடித்த நாவல்’ என்று தலைப்புக் கொடுத்தார்கள். எனக்குப் பிடித்த நாவலில் எனக்குப் பிடிக்காத இடத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன். சரி என்றார்கள். நாவல், கல்கி எழுதிய பொன்னியின் செல்வன். மறுபடியுமா என்று பின்வரிசையில் யாரோ சிரிக்கிறார்கள். மறுபடியும்தான்.

எங்கள் பெரியம்மா வீட்டு அலமாரியில் அது பைண்டு புத்தகமாக இருந்தது. கல்கி இதழில் 1950லிருந்து 1954 வரை வாராவாரம் வந்த பக்கங்களைப் பிரித்தெடுத்து, அடுக்கி, தைத்து, கெட்டி அட்டை போட்டது. மணியம் வரைந்த படங்கள் இருக்கும். ஓரத்தில் பாதி அறுபட்ட விளம்பரங்கள் இருக்கும். தையலுக்குள் போய்விட்ட எழுத்துகளை நாமே ஊகித்துப் படித்துக்கொள்ள வேண்டும். ஐந்தாம் பாகத்தில் மட்டும் கடைசிச் சில பக்கங்கள் கிடையாது. இரவல் வாங்கிப்போன யாரோ கிழித்திருக்கிறார்கள். அந்த ‘யாரோ’வைப் பெரியம்மா திட்டாத நாள் இல்லை.

எனக்கு அப்போது பதின்மூன்று வயது. முடிவு கையில் இல்லை என்றால் என்ன, நானே செய்துகொண்டேன். பழையாறையில் குந்தவைக்கும் வந்தியத்தேவனுக்கும் கல்யாணம். ஆழ்வார்க்கடியான் பந்தியில் உட்கார்ந்து யாரோ ஒரு சிவபக்தரோடு சண்டை போடுகிறான். பூங்குழலி கோடிக்கரையிலிருந்து படகில் வருகிறாள். அப்புறம் தஞ்சாவூரில் அருள்மொழிவர்மனுக்கு முடிசூட்டு விழா. இரண்டு வருஷம் அந்த முடிவோடுதான் இருந்தேன்.

பிறகு நூலகத்தில் முழுப் பிரதி கிடைத்தது. கடைசி அத்தியாயத்தின் பெயர் ‘மலர் உதிர்ந்தது’. வந்தியத்தேவனை ஒருதலையாகக் காதலித்த மணிமேகலை அவன் மடியில் உயிரை விடுகிறாள். அவ்வளவுதான், கதை முடிந்தது. கல்யாணம் இல்லை. மகுடம் சூடியது மதுராந்தகர். பொன்னியின் செல்வனான அருள்மொழிவர்மன் விட்டுக்கொடுத்துவிட்டார். அவர் ராஜராஜனாகப் பட்டத்துக்கு வந்தது 985இல். கதை அதுவரை போகவே இல்லை. நந்தினி எங்கே போனாள், அவள் யார் மகள், அருள்மொழியின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற கை யாருடையது, எதற்கும் உறுதியான பதில் இல்லை. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன், இந்தப் பிரதியிலும் யாராவது பக்கத்தைக் கிழித்துவிட்டார்களோ என்று!

கிழிக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு முடிவுரை இருந்தது. அதைப் படித்தபோதுதான் எனக்கு முன்னாலேயே ஒரு கூட்டம் இதே கோபத்தோடு கல்கிக்கு எழுதியிருக்கிறது என்று தெரிந்தது. திடீரென்று முடித்துவிட்டீர்களே என்று கேட்டிருக்கிறார்கள். அவர் பொறுமையாகப் பதில் சொல்கிறார். முழுக்கக் கற்பனையான சமூகக் கதை வேறு, சரித்திரக் கதை வேறு என்கிறார். சரித்திர மனிதர்களுக்குக் கதைக்குப் பின்னாலும் வாழ்க்கை இருக்கிறது, ஒரே இடத்தில் எல்லோரையும் கட்டி முடிச்சுப் போட முடியாது என்பது அவர் கட்சி. அப்புறம் வாசகர்களின் கேள்விகளையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறார். கதை முடிந்த அதே 1954ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் தேதி அவர் காலமானார்.

அவர் கட்சியில் நியாயம் உண்டு. குந்தவை யாரை மணந்தாள் என்று நாவலைத் தேட வேண்டியதில்லை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு அவளை வல்லவரையர் வந்தியதேவரின் தேவி என்றே சொல்கிறது. நான் பழையாறையில் பந்தி போட்ட கல்யாணம் கல்லிலேயே இருக்கிறது. கரிகாலன் கொலைக்கும் உடையார்குடிக் கல்வெட்டு இருக்கிறது, ரவிதாசன் முதலானோர் பெயரோடு. ஆனால் வாசகனுக்குக் கல்வெட்டு போதாது. மூன்றரை வருஷம் வாராவாரம் வீட்டுக்கு வந்துபோன ஆள், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டால் எங்கே போனான் என்று கேட்கமாட்டோமா?

சோகமாக முடித்தார் என்பது என் புகார் இல்லை. கல்கியின் இன்னொரு நாவலான சிவகாமியின் சபதத்தில் சிவகாமியும் மாமல்லரும் கடைசிவரை சேரவில்லை. அவள் ஏகாம்பரநாதரையே வரித்துக்கொள்கிறாள். அப்பர் பாட்டின் ‘தலைப்பட்டாள் நங்கை தலைவன் தாளே’ என்ற அடியோடு கதை அடங்குகிறது. பெரியம்மா அதைப் படித்துவிட்டு ஒரு பகல் முழுக்க அழுதார். ஆனால் ஒருமுறைகூட ஆசிரியரைத் திட்டியதில்லை. பொன்னியின் செல்வன் முடிவைப் பற்றி அவர் கேட்டது வேறு: “அந்தப் பொண்ணு செத்துட்டா, சரி. இவன் அழறான், சரி. குந்தவை அப்ப எங்கே இருந்தா?”

இந்த ஆத்திரம் நமக்கு மட்டும் உரியதும் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் கானன் டாயில் அருவியில் தள்ளி முடித்தார். வாசகர்கள் விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1903இல், அவன் சாகவே இல்லை என்று எழுத வேண்டியதாயிற்று. நம் ஊரில் அந்த வேலையை வேறு எழுத்தாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். விக்கிரமன் ‘நந்திபுரத்து நாயகி’யில் கதையைத் தொடர்ந்தார். பாலகுமாரன் ‘உடையா’ரில் ராஜராஜனையும் பெரிய கோயிலையும் எழுதினார். 2022லும் 2023லும் வந்த மணிரத்னத்தின் படங்களில் மணிமேகலையே கிடையாது. கோபப்பட்ட பழைய வாசகர்களுக்கு அதுவும் ஒரு புதுக் கோபம். என்னையும் சேர்த்துத்தான்.

இவ்வளவு குறை சொல்கிறவன் எத்தனை முறை படித்திருப்பேன்? எண்ணவில்லை. ஒன்று மட்டும் கவனித்திருக்கிறேன். எந்த நூலகத்துக்குப் போனாலும் ஐந்து பாகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் பாகம் முதுகு பிய்ந்து, மூலை மடங்கி, ஒட்டுப்போட்டு இருக்கும். ஐந்தாம் பாகம் கல்யாணத்துக்குப் புறப்பட்டது மாதிரி நிற்கும். இந்த நூலகத்திலும் அப்படித்தான், வரும்போது பார்த்துவிட்டுத்தான் மேடையேறினேன்.

போன வருஷம் ஊருக்குப் போயிருந்தேன். பெரியம்மாவுக்கு இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை. ஏதாவது வாசித்துக் காட்டட்டுமா என்று கேட்டேன். கிழிந்த பக்கங்கள் இல்லாத புது ஐந்தாம் பாகத்தையே வாங்கிக்கொண்டு போயிருந்தேன், ரொம்பப் பெருமையாக. கையில் வாங்கி எடை பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். “அதை எடுத்து வை. ஏரிக்கரையிலேருந்து ஆரம்பி.”

பழைய பைண்டை எடுத்தேன். ஆடிப்பெருக்கு. வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் போகிறான். ஏரியிலிருந்து தண்ணீர் பாயும் கணவாய்கள் எத்தனை என்று வரும் வரிக்கு நான் போய்ச் சேருவதற்குள், கண்ணை மூடிக்கொண்டே சொன்னார்: “74.”