நாஸ்காம் அமைச்சர்களைப் பார்ப்பது லஞ்சமா, லாபியா? – சந்தேகங்களுக்கு விளக்கம்

சரி, அடுத்த கேள்வி. ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "நாஸ்காம்காரர்கள் டெல்லியில் அமைச்சரையும் அதிகாரிகளையும் போய்ப் பார்க்கிறார்கள், கொஞ்ச நாளில் விதியே மாறிவிடுகிறது. இது லஞ்சம்தானே?"

இல்லை தம்பி. அரசிடம் போய் இந்த விதியை மாற்றுங்கள் என்று கேட்பதற்குப் பெயர் லாபி, அது குற்றமில்லை, விவசாய சங்கமும் அதைத்தான் செய்கிறது. நாஸ்காம் 1988இல் ஆரம்பித்த சங்கம், மென்பொருள் கம்பெனிகள்தான் அதன் உறுப்பினர்கள். அமைச்சரோடு எடுக்கும் போட்டோதான் நம் கண்ணில் படுகிறது, ஆனால் வேலையில் பெரும்பகுதி எழுத்து வேலை. எந்த விதியில் எந்த வாசகம் இடிக்கிறது, அதை எடுத்துவிட்டு என்ன போடலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் அது.

ஓஎஸ்பி, அதாவது 'பிற சேவை வழங்குநர்' விதியை எடுத்துக்கொள்ளுங்கள். கால் சென்டர், பிபிஓ நடத்துபவர்கள் தொலைத்தொடர்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும் என்பது 1999 தொலைத்தொடர்புக் கொள்கை காலத்து ஏற்பாடு. ஊழியர் வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டுமென்றால் வைப்புத்தொகை, தனி இணைப்பு என்று ஏகப்பட்ட நிபந்தனை, அதனால் பெரும்பாலோர் அந்தப் பக்கமே போகவில்லை. தொழில்துறை புலம்பிக்கொண்டே இருந்தது. 2019இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் கருத்துக் கேட்டு, அந்த ஆண்டே பரிந்துரையும் கொடுத்துவிட்டது, ஆனால் கோப்பு நகரவில்லை. அப்புறம் கொரோனா வந்தது. 2020 மார்ச்சில், ஊரடங்குக்கு முன்பே, தற்காலிகத் தளர்வு கிடைத்தது, அதை ஏப்ரல் வரை, ஜூலை வரை, டிசம்பர் வரை என்று நீட்டிக்கொண்டே போய், அந்தக் கெடு முடியும் முன்பே நவம்பரில் பதிவே வேண்டாம், வங்கி உத்தரவாதமும் வேண்டாம் என்று புது வழிகாட்டுதல் வந்தது. 2021 ஜூனில் இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்கள். பல வருடக் கோரிக்கை சில மாதத்தில் முடிந்தது சந்திப்பின் மகிமையால் இல்லை. நெருக்கடி வந்தபோது என்ன மாற்ற வேண்டும் என்ற காகிதம் தயாராக மேஜையில் இருந்தது, அவ்வளவுதான். நீங்கள் இன்று வீட்டிலிருந்து லாகின் செய்கிறீர்கள் என்றால் அதில் இந்தக் கதைக்கும் பங்கு உண்டு.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஜூலையில் கர்நாடகாவில் ஐடி ஊழியர் வேலை நேரத்தை 14 மணி வரை நீட்டும் திருத்தம் பேச்சுக்கு வந்தது. தொழிற்சங்கம் கொதித்தது. தொழிலாளர் அமைச்சர் சந்தோஷ் லாட், தொழில்துறையிடமிருந்துதான் அழுத்தம் வருகிறது என்றார். நாஸ்காமோ, நாங்கள் அப்படிக் கேட்கவே இல்லை என்றது. அப்போ கேட்டது யார்? இதற்குப் பதில் தேட ஒரு பதிவேடு இந்தியாவில் இல்லை. அமெரிக்காவில் 1995 சட்டப்படி யாருக்காக, எதற்காக, எவ்வளவு செலவு என்று லாபி செய்பவர்கள் கணக்குக் காட்ட வேண்டும். இங்கே 2013இல் ஒரு எம்பி, அரசு சார்பில் இல்லாமல் தானாகவே, அதே மாதிரி தனிநபர் மசோதா கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. சந்திப்பது தப்பில்லை, சந்தித்தது யாருக்கும் தெரியாமல் இருப்பதுதான் தப்பு என்பது என் வாதம்.

துறைக்குத் துறை வேறு வித்தியாசம். ட்ராய் தனக்கு வரும் கருத்துகளைத் தன் தளத்திலேயே போட்டுவிடும், எந்தக் கம்பெனி என்ன கேட்டது என்று யாரும் படிக்கலாம். 2025 ஜனவரியில் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளின் வரைவை வெளியிட்ட மின்னணு அமைச்சகம், வரும் கருத்துகளை வெளியிட மாட்டோம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டது. அதனால் தம்பி, ஓஎஸ்பி விவகாரத்தில் யார் என்ன எழுதினார்கள் என்று நீங்களே ட்ராய் தளத்தில் தேடிப் பாருங்கள், உங்கள் கம்பெனியின் கடிதமே அங்கே இருக்கலாம்.