சுவர் இருந்தால்தானே சித்திரம்!

விழாத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைத் தந்த அரிசி ஆலை ஐயா அவர்களே, வேலைக்கு நடுவில் வந்திருக்கும் வட்டாரப் போக்குவரத்து ஆய்வாளர் அவர்களே, எனக்குச் சென்னிமலைத் துண்டு போர்த்திய தலைமை ஆசிரியை அம்மா அவர்களே, பெருந்துறை கார் ஸ்டாண்டுத் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கமுங்க.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். நுரையீரல்தான் நம் சுவர். அதைக் காக்கக் காரில் மூன்று ஏற்பாடு உண்டு: பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கரி டப்பா, புகையில் ஒரு பங்கை இன்ஜினுக்கே திருப்பும் இ.ஜி.ஆர். வால்வு, சைலன்சருக்கு முன்னால் இருந்து புகையின் நச்சைக் குறைக்கும் கன்வெர்ட்டர். இன்று கடைசியாகச் சொன்ன கன்வெர்ட்டரைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

கன்வெர்ட்டருக்குள் தேன்கூடு போலப் பீங்கான். அதன் மேல் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கும். சூடேறியதும் கார்பன் மோனாக்சைடு கார்பன் டை ஆக்சைடாகும். எரியாத பெட்ரோல் நீராவியும் கார்பன் டை ஆக்சைடுமாகும். நைட்ரஜன் ஆக்சைடு வெறும் நைட்ரஜனாகும். ஒரு கிலோ பெட்ரோலுக்கு 14.7 கிலோ காற்று என்ற கணக்கு தப்பாமல் ஆக்சிஜன் சென்சார் பார்த்துக்கொள்ளும்.

போன ஐப்பசியில் என் காரில் மஞ்சள் விளக்கு எரிந்தது, வண்டி இழுக்கவில்லை. காங்கயம் பக்கம் ஒரு பட்டறையில் விட்டேன். "கன்வெர்ட்டர் அடச்சிருக்குதுங்க. கழட்டிட்டு வெறும் பைப்ப வெச்சுட்டா மைலேஜும் கூடும், வண்டியும் பறக்குமுங்க" என்றார். தலையாட்டினேன். கூலிகூடக் கேட்கவில்லை, பழைய கன்வெர்ட்டரை மட்டும் வைத்துக்கொண்டார். அதிலிருக்கும் உலோகத்தின் விலை அன்று எனக்குத் தெரியாது. பத்து நாளில் வண்டி மறுபடி உதறியது. பின்சீட்டில் என் அம்மா. "சாமீ, கண்ணு எரியுது, கண்ணாடிய எறக்கு" என்றார். இறக்கினால் நெடி இன்னும் உள்ளே வந்தது. வீட்டுக்கு வந்தும் அரை மணி இருமினார். வேறொருவரிடம் காட்டினேன். பழுது ஸ்பார்க் பிளக்கில்! பிளக் பொறி தராமல், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அந்தத் தேன்கூட்டை உருக்கியிருக்கிறது. காய்ச்சல் ஓரிடம், கத்தி வைத்தது ஓரிடம். மைலேஜ் என்ற சித்திரத்துக்காகச் சுவரை இடித்தேனே என்று அன்றிரவு தூக்கமில்லை. பிளக்கும் மாற்றி, புதுக் கன்வெர்ட்டரும் போட்டேன்.

2020 ஏப்ரல் 1 முதல் வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ். 6 விதி வந்தது, பெட்ரோலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்காகக் குறைந்தது. ஆனால் புகைச் சான்றிதழுக்குப் பெட்ரோல் காரில் நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை; கன்வெர்ட்டரைக் கழற்றியதால் அது கூடினாலும் அங்கே தெரியாது. அதனால்தான் கேட்கிறேன்: சான்றிதழ் தருபவர் வண்டிக்கு அடியில் குனிந்து, கன்வெர்ட்டர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆய்வாளர் ஐயா இதை மேலிடத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வாசல் மேஜையில் மனு இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போங்க.