அடையாளத்தால் அல்ல, செயலால்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். நவீன நாவலின் ஒரு பாத்திரத்தைக் கிறிஸ்துவின் சாயல் கொண்டவர் என்று நாம் ஏற்பது அடையாளங்களாலா, செயலாலா என்பது இன்றைய வழக்கு. செயலால்தான் என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசியவர் அடையாளங்களை அடுக்கினார். ஆணியறைந்த கைகளை நினைவூட்டும், ஹெமிங்வேயின் கிழவன் சாந்தியாகோவின் கிழிந்த உள்ளங்கைகள், ஆங்கிலத்தில் இயேசு கிறிஸ்துவின் பெயரைப் போலவே ஜே, சி என்று அமைந்த, ஸ்டைன்பெக்கின் ஜிம் கேசி என்ற பெயரின் முதலெழுத்துகள், ஃபாக்னரின் ஜோ கிறிஸ்துமஸ். எல்லாம் அந்த நூல்களில் உள்ளவைதாம். ஆனால் ஜோ கிறிஸ்துமஸைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் இரவில் அனாதை இல்லத்து வாசலில் விடப்பட்ட குழந்தை. அதனால் அந்தப் பெயர். இனவெறி அவனை வேட்டையாடிக் கொல்லும் பக்கங்களைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது. ஆனாலும் அவன் உயிரைக் கொடுக்கவில்லை, அது பறிக்கப்பட்டது. பறிகொடுத்தவனையும் கொடுத்தவனையும் பிரித்துக்காட்ட எந்தப் பெயராலும் முடியாது.

ஜிம் கேசியோ கொடுத்தவர். 1939இல் வந்த ‘தி கிரேப்ஸ் ஆஃப் ராத்’ நாவலில், பரோலில் வந்த டாம் ஜோட் மீண்டும் பிடிபட்டால் சிறைதான். ‘எனக்குப் பிள்ளை குட்டி இல்லை’ என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு போலீஸ் காரில் ஏறுகிறார் கேசி. அவருக்கு வேறு பெயர் இருந்திருந்தாலும் அந்தக் காட்சியில் எள்ளளவும் குறைந்திருக்காது.

என் வாதத்தின் உயிர்நிலை வேறொரு நாவலில் இருக்கிறது. கிரகாம் கிரீன் 1938இல் மெக்சிகோவின் தபாஸ்கோ, சியாபாஸ் பகுதிகளில் பயணம் செய்தார். தபாஸ்கோவில் தேவாலயங்களை இடித்து, கத்தோலிக்கக் குருக்கள் திருமணம் செய்துகொள்ள வேண்டும் என்று கட்டாயப்படுத்திய காலத்தின் வடு அப்போது இன்னும் ஆறியிருக்கவில்லை. அங்கிருந்து பிறந்து 1940இல் வெளிவந்தது ‘தி பவர் அண்ட் தி குளோரி’. அதன் நாயகன் தலைமறைவாகத் திரியும் ஒரு கத்தோலிக்கச் சாமியார். குடிகாரர், கோழை, அவருக்கு ஒரு மகளும் உண்டு. நாவலாசிரியர் அவருக்குப் பெயர்கூட வைக்கவில்லை! அவரைக் காட்டிக்கொடுக்கும் ஒருவன், இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நினைவூட்டுகிறான் என்பது உண்மை. ஆனால் அது அவனுடைய அடையாளம், இவருடையது அல்ல.

சாமியார் எல்லை தாண்டித் தப்பிவிடுகிறார். அங்கே பயமின்றிப் பூசை வைக்கலாம். அப்போதுதான் மஞ்சள் பற்கள் துருத்திய அந்தக் காட்டிக்கொடுப்பவன் வருகிறான். குண்டடிபட்ட கொள்ளைக்காரன் ஒருவன் சாகக் கிடக்கிறான், அவனுடைய பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க வாருங்கள் என்கிறான். இது பொறி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தே கோவேறு கழுதையில் ஏறித் திரும்புகிறார். அந்தக் கொள்ளைக்காரனோ பாவசங்கீர்த்தனம் செய்யவே மறுக்கிறான், சாமியார் பிடிபடுகிறார். சாவதற்கு முந்தைய இரவு, மகளுக்காக மன்றாடும்போது, உலகத்து ஆன்மாக்கள் அனைத்தின் மீதும் தனக்கு இருந்திருக்க வேண்டிய அன்பு இதுவே என்று உணர்ந்து கலங்குகிறார். கடவுளிடம் வெறுங்கையோடு போகிறோமே என்ற ஏமாற்றத்தோடுதான் சாகிறார். எந்த அடையாளத்தை வைத்து இவரைக் கண்டுபிடிப்பீர்கள்?

அடையாளம் இல்லாவிட்டால் வாசகர் எப்படி அறிவார், சீடர் தோமாவே உயிர்த்தெழுந்த இயேசுவின் காயத்தைத் தொட்டுப் பார்க்கக் கேட்டாரே என்றார் எதிரணித் தலைவர். அதே தோமாவிடம்தான், காணாமலே நம்புவோர் பேறுபெற்றோர் என்று யோவான் நற்செய்தியில் இயேசு சொல்கிறார். எம்மாவு என்ற ஊருக்குப் போகும் வழியில் உயிர்த்த இயேசு கூடவே நடந்தும் அவரை அடையாளம் தெரியாத சீடர்கள், அவர் அப்பம் பிட்டுக் கொடுத்தபோது அறிந்துகொண்டதை லூக்கா எழுதுகிறார்.

வாசகர் அறிவார் என்பதற்கு அந்த நாவலே சாட்சி. அதில் லூயிஸ் என்ற சிறுவனுக்கு அவன் தாய் நம்பிக்கைக்காக உயிர்விட்ட ஒரு மறைசாட்சியின் கதையைப் படித்துக் காட்டுகிறாள். குறையே இல்லாத பக்திமான், கிறிஸ்து அரசர் வாழ்க என்று முழங்கியபடி சாகிறவன். அடையாளங்கள் அத்தனையும் பொருந்திய அந்தக் கதை சிறுவனுக்குச் சலிப்பூட்டுகிறது. அவனுடைய வியப்பெல்லாம் சாமியாரைத் தேடும் போலீஸ் லெப்டினன்டின் துப்பாக்கி மீதுதான். ஆனால் சுடப்பட்டவர், ஒருமுறை தன் வீட்டுக்கு வந்துபோன, சாராய நெடி வீசிய அந்த மனிதர்தான் என்று அறிந்த பிறகு, அதே துப்பாக்கியின் மேல் அவன் காறித் துப்புகிறான்.